புதிய திருச்சபையில் சேரும் முன் ஒரு கேள்வி: நாளைக்குப் பிரிந்தால் கட்டடம் யாருக்கு?

புது வேலைக்கு ஆஃபர் லெட்டர் வந்தால் முதலில் சம்பளத்தைப் பார்ப்போம். ஒரு தடவை சூடுபட்டவர்கள் அதோடு நோட்டீஸ் பீரியடையும் பார்ப்பார்கள். ‘சேரும்போது எல்லாம் நல்லாத்தான் இருக்கும், கிளம்பும்போதுதான் தெரியும்’ என்பது ஆபீஸுக்கு மட்டுமில்லை, திருச்சபைக்கும் பொருந்தும். அமெரிக்காவின் ஆங்கிலிக்கன் சபைகள் இந்தப் பாடத்தைக் கோர்ட் படியேறிக் கற்றுக்கொண்டன.

ஏன் பிரிந்தார்கள்?

இங்கிலாந்து திருச்சபையின் வழிவந்தவர்களே ஆங்கிலிக்கன்கள். அமெரிக்காவில் அவர்களுடைய அமைப்பின் பெயர் எபிஸ்கோப்பல் திருச்சபை. 1976இல் மினியாபொலிஸில் கூடிய அதன் பொது மாநாடு, பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்க ஒப்புதல் அளித்தது. அதை ஏற்காதவர்கள் 1977 செப்டம்பரில் செயின்ட் லூயிஸில் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ‘பழைய வழியிலேயே தொடர்கிறோம்’ என்று சொல்லும் பல சிறிய ஆங்கிலிக்கன் அமைப்புகளுக்கு அந்த அறிக்கைதான் அடித்தளம்.

2003இல் ஓரினச்சேர்க்கையாளர் என்று வெளிப்படையாக அறியப்பட்ட ஜீன் ராபின்சன் நியூ ஹாம்ப்ஷயரின் பேராயரானபோது இரண்டாவது அலை எழுந்தது. அதன் முடிவாக 2009இல் ‘வட அமெரிக்க ஆங்கிலிக்கன் திருச்சபை’ உருவானது.

ஆயர்களிடம் என்ன கேட்கிறார்கள்?

முதலில் நம்பிக்கை சார்ந்த உறுதிமொழி. வட அமெரிக்க ஆங்கிலிக்கன் திருச்சபையில் வேதாகமம், மூன்று விசுவாசப் பிரமாணங்கள், 1662ஆம் ஆண்டு ஜெபப்புத்தகம், 39 கோட்பாடுகள் ஆகியவற்றை அடித்தளமாக ஏற்க வேண்டும். செயின்ட் லூயிஸ் வழிவந்தவர்கள் ஏழு பொதுச் சங்கங்களின் முடிவுகளையும் வலியுறுத்துகிறார்கள்.

அடுத்தது குருப்பட்டம். உங்களுக்குப் பட்டம் கொடுத்தவர் அப்போஸ்தலர் வழித்தொடர்ச்சியில் வந்த பேராயரா? ஆம் என்றால் அப்படியே ஏற்பார்கள். இல்லை என்றால் மறுபடியும் பட்டம் பெற வேண்டியிருக்கும். சந்தேகம் என்றால் ‘ஒருவேளை முந்தையது செல்லாமல் இருந்தால்’ என்ற நிபந்தனையோடு சடங்கு நடக்கும். இருபது வருஷமாகத் திருவிருந்து கொடுத்தவரிடம் ‘முதலிலிருந்து ஆரம்பிங்க’ என்று சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்?

பெண் ஆயர்களின் நிலை இன்னும் சிக்கல். செயின்ட் லூயிஸ் வழி அமைப்புகளில் அவர்களுக்குக் குரு என்ற இடமே இல்லை. வட அமெரிக்க ஆங்கிலிக்கன் திருச்சபையில் அது திருமண்டலத்துக்குத் திருமண்டலம் மாறும். பேராயர் பதவி ஆண்களுக்கு மட்டும். ஆக, ஒரு சபை எந்தத் திருமண்டலத்தில் சேருகிறது என்பதே அங்குள்ள பெண் ஆயரின் வேலையைத் தீர்மானித்துவிடும். இதை அவருக்கு வாக்கெடுப்புக்கு முன்னாலேயே சொல்ல வேண்டும். முடிந்த பிறகு சொல்வது நியாயமில்லை.

சபைகளிடம் என்ன கேட்கிறார்கள்?

ஒரு சபை பொதுவாக ஏதாவது ஒரு திருமண்டலத்தின் வழியாகவே உள்ளே வர முடியும். சில சபைகள் கூடிப் புதிய திருமண்டலம் தொடங்க வேண்டுமானால், வட அமெரிக்க ஆங்கிலிக்கன் திருச்சபையின் விதிப்படி குறைந்தது 12 சபைகள் வேண்டும். ஒவ்வொன்றிலும் ஞாயிறு ஆராதனைக்குச் சராசரியாக 50 பேர், எல்லாம் சேர்த்து 1,000 பேர் வர வேண்டும்.

இந்த நிபந்தனைகள் எனக்குத் தவறாகத் தெரியவில்லை. எதை நம்புகிறோம் என்று சொல்லாத அமைப்பு, நாளைக்கு எதையும் உங்கள் மேல் திணிக்கலாம். எழுத்தில் இருந்தால் படித்துவிட்டு ‘வேண்டாம்’ என்றாவது சொல்லலாம். உண்மையான சோதனை வேறு இடத்தில் இருக்கிறது.

கட்டடம் யாருடையது?

1979இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘ஜோன்ஸ் எதிர் உல்ஃப்’ வழக்கில், திருச்சபைகள் தங்கள் சொத்து யாருக்குச் சேரும் என்பதைத் தங்கள் விதிகளிலேயே எழுதிவைத்துக்கொள்ளலாம் என்று வழிகாட்டியது. அதே ஆண்டு எபிஸ்கோப்பல் திருச்சபை ‘டென்னிஸ் விதி’யைக் கொண்டுவந்தது. சபையின் சொத்தெல்லாம் திருமண்டலத்துக்கும் தலைமைத் திருச்சபைக்கும் டிரஸ்டாக இருக்கிறது என்பதே அதன் சாரம். காணிக்கை போட்டுக் கட்டியது சபையாக இருந்தாலும், விலகினால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

வர்ஜீனியாவின் ஃபால்ஸ் சர்ச் 18ஆம் நூற்றாண்டில் தொடங்கிய சபை. 2006இல் அதன் பெரும்பான்மை உறுப்பினர்கள் விலக வாக்களித்தார்கள். தங்கிவிட்ட சிறுபான்மையினர் சில ஆண்டுகள் வேறொரு சபையின் இடத்தில் ஆராதனை நடத்தினார்கள். 2012இல் தீர்ப்பு மாறி வந்தது. விலகியவர்கள் கட்டடத்தை விட்டு வெளியேறினார்கள், சிறுபான்மையினர் திரும்பி வந்தார்கள்.

டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில் நடந்தது நேர் எதிர். 2020இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் விலகியவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2021இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளவில்லை. இந்தத் தடவை கட்டடத்தை இழந்தவர்கள், எபிஸ்கோப்பல் திருச்சபையிலேயே தங்கியவர்கள். எந்த ஊரானாலும், யாரோ சிலர் தங்கள் தாத்தா பாட்டியை அடக்கம் செய்த கோயிலை விட்டு வெளியே நின்றார்கள்.

இதைப் பார்த்துத்தானோ என்னவோ, வட அமெரிக்க ஆங்கிலிக்கன் திருச்சபை தன் அமைப்புச் சட்டத்திலேயே சபையின் சொத்து சபைக்கே சொந்தம், தலைமை உரிமை கோராது என்று எழுதிவிட்டது. அவர்களுடைய இறையியலோடு உங்களுக்கு உடன்பாடு இல்லாமல் போகலாம், எனக்கும் சில இடங்களில் இல்லை. ஆனால் ‘போகணும்னா கட்டடத்தோட போங்க’ என்று சேரும்போதே சொல்வது நேர்மை.

நம்ம ஊர் பதில்

பட்ட விஷயத்தில் இதே நேர்மைக்கு நம்ம ஊரிலேயே உதாரணம் உண்டு. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., உருவானது. ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் பாரம்பரியங்கள் ஒன்று சேர்ந்தன. பேராயர் கையால் பட்டம் பெறாத ஆயர்களை என்ன செய்வது? மறுபட்டம் வேண்டாம், இனிமேல் கொடுக்கப்படும் பட்டங்கள் எல்லாம் பேராயர் வழியாக நடக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். கூடவே, மனசாட்சிக்கு ஒவ்வாத ஆயரை எந்தச் சபை மேலும் திணிக்க மாட்டோம் என்ற வாக்குறுதியும் தந்தார்கள். இங்கிலாந்து திருச்சபை இதை உடனே முழுசாக ஏற்கவில்லை. ஆனால் எந்த ஆயரையும் ‘நீ இதுவரை செய்தது செல்லாது’ என்று சொல்லாமலேயே ஒற்றுமை சாத்தியமானது.

எனவே, எந்த அமைப்பில் சேர வாக்கெடுப்பு நடந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எங்கள் ஆயரின் பட்டம் செல்லுமா? எங்கள் பெண் ஊழியர்களின் இடம் என்ன? நாளைக்குப் பிரிந்தால் கட்டடம் யாருக்கு? மூன்றுக்கும் எழுத்தில் பதில் கிடைத்த பிறகு கையைத் தூக்குங்கள். ‘அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்’ என்று யாராவது சொன்னால், வாக்கெடுப்பையும் அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.