21 நாளோடு முடிகிற வேலையா?

இந்த வருடக் கண்காட்சிக்கு நம் வகுப்பில் இன்குபேட்டர் செய்யலாம் என்று பேச்சு அடிபடுகிறது. தெர்மாகோல் பெட்டி, குண்டு பல்பு, தெர்மோஸ்டாட், பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஃபேன். கடைசி நாள் எல்லார் கண் முன்னாலும் குஞ்சு ஓட்டை உடைத்துக்கொண்டு வரும், கைதட்டல் அள்ளும் என்கிறார்கள். நான் வேண்டாம் என்றதும், "நீயே வீட்டில் வைத்தவன்தானே" என்று ஒரே சிரிப்பு. வைத்துப் பார்த்தவன் என்பதால்தான் சொல்கிறேன் அய்யா!

போன தை மாதக் கடைசியில் 24 சிறுவிடை முட்டைகளைப் பெட்டியில் அடுக்கினேன். அம்மாவுக்கு அதில் ஒரு கணக்கு. கோழி அடையில் உட்கார்ந்து, குஞ்சுகளையும் வளர்த்து முடிப்பதற்குள் இரண்டு மூன்று மாதம் முட்டை இடாது. பெட்டி அடைகாத்தால் கோழி சீக்கிரம் மறுபடி முட்டைக்கு வந்துவிடும். நியாயமான கணக்குதான், அதனால் நான் மெஷினுக்கு எதிரி இல்லை. எகிப்தில் எருக்குவியலுக்குள் முட்டையைப் புதைத்துப் பொரிக்க வைத்ததை அரிஸ்டாட்டிலே எழுதி வைத்திருக்கிறார். கோழி இல்லாமல் குஞ்சு என்பது நாம் கண்டுபிடித்த விஷயமில்லை.

ஆனால் தை, மாசிப் பனி இருக்கிறதே... விடியற்காலையில் போர்வை, மதியம் ஃபேன். அடைக்கோழிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஃபேன் வைத்த பெட்டிக்குள் 37.5 டிகிரி நிற்க வேண்டும். ராத்திரிக் குளிரை நினைத்து நான் பயந்துகொண்டிருந்தேன். அடி விழுந்தது மதியத்தில். ஜன்னலோரம் வைத்திருந்த பெட்டி மேல் 13-ஆம் நாள் வெயில் விழுந்து, காலேஜ் விட்டு வந்து பார்த்தால் தெர்மாமீட்டர் 40-ஐத் தாண்டி நிற்கிறது. சூடு கொஞ்ச நேரம் குறைந்தால் கரு தாங்கிக்கொள்ளும். கூடினால் தாங்காது.

ஈரம் இன்னொரு தலைவலி. குளிர்ந்த காற்றில் நீராவி குறைவு. அதையே பெட்டிக்குள் சூடாக்கினால் ஈரப்பதம் இன்னும் இறங்கிவிடும். முதல் 18 நாள் 50 சதவீதத்தை ஒட்டியும், கடைசி மூன்று நாள் 65, 70 என்றும் வைக்க வேண்டும். கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் ஊற்றினேன். தினம் மூன்று தடவை முட்டையைத் திருப்புவது தனி. ஒரு பக்கம் பென்சிலால் எக்ஸ், மறுபக்கம் ஓ. ஒற்றைப்படையாகத் திருப்பினால்தான் நீளமான ராத்திரியில் தினமும் ஒரே பக்கம் மேலே இருக்காது. (பாட்டி தன் பங்குக்கு இடிக்குக் காவலாக ஒரு இரும்புத் துண்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போனார். பனிக்காலத்தில் இடி ஏது என்று கேட்டால் முறைப்பார்.)

7-ஆம் நாள் டார்ச் அடித்துப் பார்த்ததில் 5 முட்டை கரு கூடவில்லை. 18-ஆம் நாள் பார்த்ததில் இன்னும் 4 போயிருந்தன, அந்த வெயிலின் உபயம். 19-ஆம் நாள் ராத்திரி மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. பெட்டியைக் கம்பளியில் சுற்றி, வெந்நீர் பாட்டில்களை அணைத்து வைத்து உட்கார்ந்திருந்தோம். மிச்சமிருந்த 15-ல் 11 பொரித்தன. மூன்று ஓட்டைத் தொடவே இல்லை. ஒன்றை நான் கொன்றேன்.

அது ஓட்டில் சின்ன ஓட்டை போட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டது. கீச் கீச் என்று சத்தம் மட்டும். பக்கத்து வீட்டார் வரை கூடிவிட்டார்கள். "பாவம், கொஞ்சம் உரிச்சு விடேன்டா" என்றார்கள். ஆறு மணி நேரம் பொறுத்தேன், அப்புறம் மூடியைத் திறந்து நகத்தால் உரித்தேன். சவ்வில் சிவப்பாக ஒரு கோடு வந்தது, நிற்கவே இல்லை. வயிற்றில் மஞ்சள் கரு பாதி வெளியே இருந்தது. முதல் ஓட்டைக்கும் வெளியே வருவதற்கும் நடுவில் 12 முதல் 24 மணி நேரம் வரை ஆகும். அந்த நேரத்தில்தான் சவ்வில் ஓடும் ரத்தமும் மஞ்சள் கருவும் உடம்புக்குள் போகும். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு அது தவிப்பாகத் தெரிகிறது. படித்திருந்தேன், தெரிந்தும் கையை வைத்தேன்.

ஒரு வீட்டுக் கூட்டத்துக்கே என் பொறுமை அவ்வளவுதான். கண்காட்சியில் முந்நூறு பேர் சுற்றி நிற்க, நடுவர் பத்து மணிக்கு வந்து "இன்னும் வரலையா?" என்று கேட்டால் நம்மில் யார் மூடியைத் திறக்காமல் இருப்போம்? பெட்டியில் சூடு கொஞ்சம் குறைந்திருந்தால் 22-ஆம் நாள்கூட ஆகும். குஞ்சுக்கு நம் அட்டவணை தெரியாது.

சரி, வந்துவிட்டது, கைதட்டியாகிவிட்டது. அன்று சாயங்காலம் பெட்டியை யார் எடுத்துப்போவது? இதைக் கேட்டபோது எல்லாரும் செல்போனைப் பார்த்தீர்கள். முதல் வாரம் பல்புக்கு அடியில் 35 டிகிரி வேண்டும், அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரியாகக் குறைக்க வேண்டும். முதல் வாரத்திலேயே வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டா சொட்டு மருந்து. சிறகு முளைத்து அதுவே சமாளிக்க ஐந்தாறு வாரம். பாதிக்குப் பாதி சேவலாக இருக்கும், வளர வளரத்தான் நமக்குத் தெரியும். எங்கள் 11-ல் 6 சேவல். எங்கே போயின என்று கேட்காதீர்கள், நாங்கள் கோழி வளர்ப்பவர்கள். ஆனால் விடுதி அறையில் சேவல் வளர்க்கப் போகிறவர் யார்?

பெட்டியைச் செய்வோம், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. காலிப் பெட்டியை இந்தப் பனியில் 21 நாள் ஓட்டி, சூடும் ஈரமும் ஏறி இறங்குவதை வரைந்து காட்டுவோம். உண்மையான வேலை அதுதான், கரண்ட் போனால் என்ன ஆகிறது என்பதும் தெரியும். முட்டை வைத்தே தீர வேண்டுமென்றால் ஆறு வாரம் பார்த்துக்கொள்ள மூன்று பேர் திங்கட்கிழமைக்குள் பெயர் கொடுங்கள். நாலாவது ஆளாக நானும் வருகிறேன். மூடிக்கு ஒரு பூட்டு போட்டு, சாவியை அன்று லீவில் இருக்கிறவனிடம் கொடுத்துவிடுவோம்.