மேற்கோள் குறியும் நம்ம 'னு'வும்



ஆங்கிலத் தாளில் நம்மில் பலரை மிரட்டுவது பெரிய பெரிய சொற்கள் அல்ல. எறும்பு அளவு இருக்கிற கமாவும் மேற்கோள் குறியும்தான். "அதெல்லாம் இங்கிலீஷ் மீடியம் பசங்க சமாச்சாரமுங்க, நமக்கெதுக்கு?" என்பார்கள் சிலர். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நாளைக்கு நாம் மில்லிலோ, பவுண்டரியிலோ, பம்புசெட் கம்பெனியிலோ நிற்போம். மிஷின் பழுதானால் ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுத வேண்டி வரலாம். இதைப் பாருங்கள்:

த போர்மேன் செட், "த ஆபரேட்டர் இஸ் கேர்லெஸ்."

பழி ஆபரேட்டர் மேல். அதே சொற்கள், அதே வரிசை. குறிகளை மட்டும் மாற்றுவோம்:

"த போர்மேன்," செட் த ஆபரேட்டர், "இஸ் கேர்லெஸ்."

இப்போது பழி போர்மேன் மேல்! என் அப்பா தறி ஓட்டுபவர், பள்ளிக்கூடம் போகாதவர். அவரைப் போன்ற ஒருவரின் பிழைப்பு, அவரால் படிக்க முடியாத காகிதத்தில் நாம் போடும் குறியில் தொங்கலாம். இது மார்க் சமாச்சாரம் மட்டுமா?

தமிழில் 'என்று' இருக்கிறது. "மோட்டார் ஓடலைனு மேஸ்திரி சொன்னாருங்க" என்றால், பேச்சு முடிந்த இடத்தை அந்த 'னு' காட்டிவிடுகிறது. ஓலைச்சுவடியில் மேற்கோள் குறி கிடையாது. 'என்று' போதுமானதாக இருந்தது. ஆங்கிலத்தில் அப்படியொரு சொல் இல்லை. அந்த வேலையைக் குறிகள்தான் செய்கின்றன.

விதிகளும் கொஞ்சம்தான். 'செட்' என்றதும் கமா. பிறகு மேற்கோளைத் திறந்து, முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போட வேண்டும். முடிவில் வரும் முற்றுப்புள்ளி மூடும் குறிக்கு உள்ளே. பேச்சு முதலில் வந்தால் முற்றுப்புள்ளிக்குப் பதில் கமா, அதுவும் உள்ளேதான். பேச்சே கேள்வியானால் கேள்விக்குறி போதும், கமா வேண்டாம். 'தட்' போட்டு அயற்கூற்றாக எழுதினால் மேற்கோள் குறியே கூடாது.

இக்குறிகள் தமிழுக்கும் ஒரு காலத்தில் புதுசுதான். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822-1879) தம் அச்சு நூல்களில் நிறுத்தக் குறிகளைக் கையாண்டு உரைநடைக்கு வழிகாட்டினார். தமிழே கற்றுக்கொண்டதை நாம் கற்க மாட்டோமா?

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்தப் பாடத்தை நம்ம 'னு'விலிருந்து தொடங்குங்கள். தமிழ் மீடியம் மாணவனுக்குப் பாதி பயம் அங்கேயே போய்விடும்.

நண்பர்களே, அடுத்தவர் சொன்னதை அவர் சொன்னதாகவே எழுதுவது இலக்கணம் மட்டுமல்ல, நாணயமும்கூட!