ஒரு வாளி வெந்நீர்



போன மார்கழியில் ஏற்காட்டில் ஒரு நண்பர் வீட்டில் நான்கு நாள் தங்கியிருந்தேன். சேலத்துக்காரனுக்குக் குளிர் என்றால் என்னவென்று அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிய பிறகுதான் உறைக்கும். விடியலில் குழாயைத் திறந்து கையை நீட்டினேன், பல் கிட்டிவிட்டது. “கொஞ்சம் இருங்கண்ணா, பாய்லர் பத்த வெச்சாச்சு” என்று நண்பரின் மனைவி பின்கட்டிலிருந்து குரல் கொடுத்தார்.

பழைய செப்புப் பாய்லர். நடுவே புகைபோக்கி, அதைச் சுற்றித் தண்ணீர், அடியில் கங்கு. மேலே புனலில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றினால், மூக்கு வழியாக ஒரு செம்பு வெந்நீர் வந்து விழும். எரிந்துகொண்டிருந்தவை கவாத்து வெட்டிப்போட்ட காப்பிக் குச்சிகளும் சில்வர் ஓக் கிளைகளும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த காப்பி, இருநூறு வருஷம் கழித்து என் முதுகையும் சுட வைத்தது.

நண்பருக்கு மட்டும் முகம் தெளியவில்லை. மாடியில் மகன் குடும்பம் கீசர் வைத்திருக்கிறது. கரண்ட் பில் எகிறிவிட்டது. “வெந்நீருக்கு மட்டும் எவ்வளவு போகும், நீயே சொல்லு” என்றார். பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தோம்.

வாளிக்கு 20 லிட்டர். குளிர்காலத்தில் மலைத்தண்ணீர் 15 டிகிரி என்று வையுங்கள். உடம்புக்கு இதமாக 40 டிகிரி வேண்டும். அந்த 25 டிகிரியை ஏற்ற அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே செலவாகும். நான்கு பேர், ஆளுக்கு ஒரு வாளி, இரண்டு மாதம்: சுமார் 140 யூனிட். அரசு தரும் 100 யூனிட் இலவச மின்சாரம் குளியலறையிலேயே தீர்ந்துபோகிறது! கீழே சேலத்தில் தண்ணீரே 28 டிகிரியில் வருவதால் இதில் பாதி போதும். கேஸ் அடுப்பில் காய்ச்சினாலும் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று ஏறத்தாழ 200 வாளிக்குத்தான் வரும்.

இந்தக் கணக்கில் பேரம் பேச முடியாது. பணம் வீணாவது காய்ச்சி வைத்துவிட்டுக் காத்திருப்பதில். 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் அந்தக் குளிர்ந்த நீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர 25 நிமிஷம் போதும். மாடியிலோ விடியற்காலை போட்ட ஸ்விட்ச் இரவு வரை அணைவதில்லை. உள்ளே சூடு ஆற ஆற, கீசர் மறுபடி மறுபடி எரியும். வெளிக்காற்று குளிரக் குளிர இந்த இழப்பும் கூடும். கொதிக்கக் கொதிக்க எடுத்து விளாவிக் குளிப்பதால் நஷ்டமில்லை. ஆளுக்கொரு நேரம் குளிப்பதுதான் நஷ்டம். அடுத்தடுத்துக் குளித்து முடித்து ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். அளவை 50 டிகிரியில் வைத்தாலும் ஏற்காட்டுக்குத் தாராளம்.

சோலார் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். முதலில் ஒரு குழப்பம் தீரட்டும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் கிடைப்பது மின்சாரம் தரும் பேனலுக்கு. தண்ணீர் சுட வைக்கும் சோலார் ஹீட்டர் வேறு சாதனம். வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வைத்த ஹீட்டர், குளிர்காற்றிலும் வெயில் இருந்தால் நன்றாகவே வேலை செய்யும். மூடுபனி இறங்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் தொட்டிக்குள் இருக்கும் மின் காயிலின் தயவு வேண்டும். அதை ராத்திரி முழுக்கப் போட்டுவைக்கிற வீடுகள் உண்டு. காலையில் சூரியன் வரும்போது சுட வைக்க மிச்சமென்ன இருக்கும்? பனி விலகாத நாளில், குளிப்பதற்கு முன் மட்டும் போட்டால் போதும்.

என் கட்சி கேட்டால்: தோட்டத்தில் குச்சி சும்மா கிடைத்து, புகை வெளியே போகப் பின்கட்டும் இருந்தால் பாய்லரை விற்றுவிடாதீர்கள். விறகைக் காசு கொடுத்து வாங்கி எரிப்பதானால் அதில் லாபமில்லை.

சிக்கனம் என்று கேஸ் கீசருக்கு மாறியவர்களிடம் ஒரு வேண்டுகோள். மூடிய அறையில் அது எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. ஆளையே மயக்கிச் சாய்த்துவிடும். கீசரைக் குளியலறைக்கு வெளியே பொருத்தச் சொல்லுங்கள். எவ்வளவு குளிரடித்தாலும் காற்றுச் சன்னலை அடைக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்