ரிக்கார்டிங் கடைகள்

கூடலூரிலிருந்து கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகத் தேனிக்குச் செல்லும் பெருவழியில், ஒவ்வோர் ஊரிலும் பஸ் நிலையத்துக்கு அண்டையில் ஒரு காலத்தில் தவறாமல் காணப்பட்டு, இன்று அநேகமாக அறவே மறைந்துவிட்ட ஒருவகைக் கடையைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். வெற்று ஒலிநாடாவில் வேண்டிய பாட்டுகளைப் பதிந்து கொடுத்த ரிக்கார்டிங் கடையையே குறிப்பிடுகிறோம். தேசத்தில் எத்தனையோ பெரிய விவகாரங்கள் இருக்க, தலையங்கத்தில் பாட்டுக் கடைக்கு இடமா என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. கடை மூடியதற்காக மட்டும் நாம் எழுத வரவில்லை. கடையோடு சேர்ந்து என்ன அழிந்துகொண்டிருக்கிறது என்பதைப் பொதுக் காரியத்தில் ஈடுபட்ட அன்பர்கள் கவனிக்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

ஹாலந்து தேசத்துப் பிலிப்ஸ் கம்பெனியார் 1963-ல் பெர்லின் வானொலிக் காட்சியில் கையடக்கமான ஒலிநாடாப் பெட்டியை முதன்முதலாக வெளியிட்டனர். அது நமது கிராமங்களை எட்டுவதற்குப் பதினைந்து வருஷங்களுக்கு மேல் பிடித்தது. அதுவரையில் பாட்டு என்பது கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையிலிருந்து வந்த இசைத்தட்டு. தட்டும் அதைச் சுழற்றும் கருவியும் பணக்காரர் வீட்டுப் பொருள்கள். மற்றவர்களுக்குக் கலியாண வீட்டு ஒலிபெருக்கிக் குழாய், டீக்கடை ரேடியோ, மாலையில் இலங்கை வானொலி, அவ்வளவுதான். என்ன பாட்டு, எப்போது என்பதை வேறொருவர் தீர்மானித்தார். வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போனவர்கள் விடுமுறையில் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்திறங்கிய காலத்தில்தான் அந்தத் தீர்மானம் சாமானியன் கைக்கு வந்தது.

அந்தக் காலமும் இப்பள்ளத்தாக்கின் பிள்ளைகள் தமிழ்ச் சினிமாவைப் பிடித்த காலமும் ஒன்றாக அமைந்தன. பண்ணைப்புரத்து இளையராஜாவின் முதற்படமான 'அன்னக்கிளி' 1976-ல் வந்தது. அல்லிநகரத்துப் பாரதிராஜாவின் முதற்படமான '16 வயதினிலே' 1977-ல் வந்தது. 1980-ல் வந்த 'நிழல்கள்' படத்தில் வடுகபட்டி வைரமுத்துவும் அவர்களோடு சேர்ந்தார். தங்கள் ஊர் வயற்காட்டுப் பேச்சும் மெட்டும் சென்னையிலிருந்து திரும்பி வந்து தங்கள் காதிலேயே விழக் கேட்ட ஜனங்கள், அதைக் காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள விரும்பியதில் வியப்பில்லை. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு மலையேறிய ஜீப்புகளிலும் ஒலிநாடாக்கள் இருந்தன.

கடை என்றால் பத்தடிக்கு எட்டடி அறை. சுவர் முழுதும் இசைத்தட்டு உறைகள். மேஜைமேல் தட்டுச் சுழற்றும் கருவி ஒன்றும், இரட்டை டேப் கருவி ஒன்றும். கண்ணாடிப் பெட்டியில் சோனி, டி.டி.கே. வெற்று நாடாக்கள். வாடிக்கைக்காரர் நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாளில் பாட்டுகளின் பெயரை வரிசையாக எழுதிக்கொண்டு வருவார். அந்தத் தாளை எழுதுவதே ஒரு வாரக் காரியம். எழுதுவதும் அடிப்பதும், இரண்டு சுசீலா பாட்டுகளுக்கு நடுவே ஒரு ஜானகி பாட்டு வரலாமா என்று சிநேகிதர்களோடு வாதாடுவதும், சோகப் பாட்டுக்கு ஒரு பக்கம், தத்துவப் பாட்டுக்கு மறுபக்கம் என்று பிரிப்பதுமாக நாள் போகும்.

தாளைக் கொடுத்தபின் கடைக்காரரின் வித்தை ஆரம்பமாகும். அறுபது நிமிஷ நாடாவில் பக்கத்துக்கு முப்பது நிமிஷம். நாலரை நிமிஷப் பாட்டாக ஆறு போட்டால் மூன்று நிமிஷம் மிஞ்சும். ஏழாவது பாட்டைப் போட்டாலோ பல்லவி திரும்பி வருகிற இடத்தில் நாடா தீர்ந்து பாட்டு அறுபடும். அறுபட்ட பாட்டைப் போல மனிதனுக்கு எரிச்சலூட்டுவது வேறில்லை. ஆதலால் எந்தப் பாட்டு எத்தனை நிமிஷம் என்பது நல்ல கடைக்காரருக்கு மனப்பாடம். மிஞ்சுகிற இடத்தில் யாரும் கேளாத ஒரு சின்னப் பழைய பாட்டையோ, வாத்திய இசையையோ தாமாகவே சேர்த்துவிடுவார். கேட்டவருக்கு அது முதலில் அநாவசியமாகத் தோன்றும். பத்துத் தடவை கேட்டபின் அதுவே நாடாவில் மிகப் பிரியமான பாட்டாகிவிடுவதும் உண்டு. சென்னைக்குப் போயிராத பல வாலிபர்கள் பழைய இசையமைப்பாளர்களை அறிந்துகொண்டது இந்த மூன்று நிமிஷங்களின் வழியாகத்தான்.

தட்டிலிருந்து பதிவதற்குக் குறுக்கு வழி கிடையாது. அறுபது நிமிஷ நாடாவுக்கு அறுபது நிமிஷமும் கடைக்காரர் உட்கார்ந்தே ஆக வேண்டும். தட்டில் தூசி இருந்தால் முள் தாவும், மின்சாரம் நின்றால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதனால் 'அடுத்த வாரம் வாருங்கள்' என்பது அவருடைய நிரந்தரப் பதில். முடிந்தபின் அட்டையில் பாட்டின் பெயர், படம், பாடியவர் பெயர் ஆகியவற்றை முத்து முத்தாக எழுதி, நாடாப் பெட்டியின் மேல்விளிம்பிலுள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துக் கொடுப்பார், தவறுதலாக யாரும் அழித்துப் பதிந்துவிடாதபடி. பின்னால் அதே துவாரத்தில் காகிதத்தை அடைத்து வேறு பாட்டைப் பதிந்துகொண்ட சாமர்த்தியசாலிகளையும் நேயர்கள் அறிவார்கள்.

பாட்டோடு இன்னொரு பித்தும் அங்கேதான் வளர்ந்தது. சென்னை ரிச்சி தெருவிலிருந்து உறுப்புகளை வரவழைத்து, கையால் ஆம்ப்ளிஃபயர் பூட்டி, ஒலிபெருக்கியை மண்பானையின் வாயில் பொருத்தி, அடித்தொனி கனமாக விழுகிறதா என்று காது வைத்துக் கேட்ட வாலிபர் கூட்டம் ஊருக்கு ஊர் இருந்தது. காலேஜில் மின்னணுவியல் படிக்க வசதியில்லாதவர்களுக்கு ரிக்கார்டிங் கடைத் திண்ணையே வகுப்பறை. அவர்களிற் சிலர் பிற்பாடு சவுண்டு சர்வீஸ் வைத்துப் பிழைத்தார்கள், சிலர் டெலிவிஷன் பழுதுபார்த்தார்கள். படித்தவர்கள் இதைப் பொழுதுபோக்கு என்று தள்ளுவார்கள். நமக்கு அது ஒருவகைத் தொழிற்கல்வியாகவே தோன்றுகிறது.

சட்டத்தை ஒளித்துப் பேசுவது நமது வழக்கமன்று. இக்கடைகள் செய்தது பெரும்பாலும் 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு விரோதமான காரியமே. ஒருவன் தன் சொந்த உபயோகத்துக்குப் பிரதி செய்துகொள்வது வேறு, கூலி வாங்கிக்கொண்டு ஊருக்கெல்லாம் பிரதி செய்வது வேறு. 1984-ல் செய்த திருத்தம், தண்டனையை ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரை உயர்த்தியது. பாடுபட்டுப் பாடியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் சேரவேண்டிய பணம் சேரவில்லை என்ற வழக்கில் நமது அநுதாபம் அவர்கள் பக்கமே. ஆயினும் ஒன்று கேட்கிறோம். கம்பத்துக் கூலிக்காரன் தான் விரும்பிய பன்னிரண்டு பாட்டுகளை நியாயமான விலையில் வாங்க, தட்டுக் கம்பெனியார் எந்தக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள்? ஒரு பாட்டுக்காக ஒரு படத்தின் தட்டு முழுவதையும் வாங்கச் சொன்னார்கள். சட்டம் தன் கடமையைச் செய்தது. வியாபாரம் தன் கடமையைச் செய்யவில்லை.

மறைந்த கதையை நீட்ட வேண்டியதில்லை. முதலில் குறுந்தகடு வந்தது. பிறகு நூறு பாட்டுகளை ஒரே தகட்டில் அடைக்கும் எம்.பி.3 வந்தது. ரிக்கார்டிங் கடை தகடு எழுதும் கடையாகி, கைபேசியின் நினைவுச் சில்லில் பாட்டேற்றும் கடையாகி, கடைசியில் ரீசார்ஜ் கடையாயிற்று. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, இண்டர்நெட் ஏறக்குறைய இனாமாகக் கிடைத்த பிறகு பாட்டேற்றவும் ஆள் வரவில்லை. இன்று எந்தப் பாட்டையும் நினைத்த கணத்தில் கேட்கலாம். இதை நாம் குறை கூறவில்லை. ஒரு வாரம் காத்திருந்து கேட்பதில்தான் ருசி என்று பெருமூச்சு விடுவோர், இன்று காசில்லாத பிள்ளையும் தியாகராஜ பாகவதரைக் கேட்க முடிகிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் இண்டர்நெட்டில் இல்லாதவை உண்டு. ரிக்கார்டிங் கடைக்குச் சினிமாப் பாட்டு மட்டும் வரவில்லை. விடிய விடிய நடந்த வள்ளி திருமண நாடகத்தைப் பதியச் சொன்னார்கள். வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்கென்று உள்ளூர்க்காரர்கள் பாடியதைப் பதிந்தார்கள். கும்மியையும் ஒப்பாரியையும் பதிந்தார்கள். அரபு தேசத்திலிருந்த கணவனுக்கு எழுதத் தெரியாத மனைவி பேசியனுப்பிய கடிதங்கள் அந்த நாடாக்களில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, அரசியல் மேடைப் பேச்சுகள்! நமது நேயர்களில் பலர் அந்த மேடைகளைக் கட்டியவர்கள், கொடி நட்டவர்கள். பிரபலமான தலைவர்களின் பேச்சு எங்கேனும் அகப்படும். அவருக்கு முன்னால் ஒரு மணி நேரம் பேசிக் கூட்டத்தை நிறுத்தி வைத்திருந்த தாலுகாப் பேச்சாளரின் குரல் எங்கே கிடைக்கும்? பரணில் தகரப் பெட்டிக்குள் கிடக்கும் ஒரே நாடாவில்தான்.

அந்த நாடா நிரந்தரமானதன்று. மெல்லிய பிளாஸ்டிக்மேல் பூசிய காந்தப் பொடி வருஷம் ஆக ஆக உதிர்கிறது. ஈரத்தில் பூஞ்சை பிடிக்கிறது. சுருளாகவே கிடப்பதால் ஓர் அடுக்கின் ஒலி அடுத்த அடுக்கில் ஏறி, பேசுவதற்கு முன்பே பேச்சின் நிழல் கேட்கிறது. நாடா பிழைத்திருந்தாலும் அதை ஓட்டும் நல்ல கருவி பிழைத்திருக்க வேண்டும். 1985-ல் பதிந்த நாடாவுக்கு நாற்பது வயது ஆகிவிட்டது.

கோட்டையூர் ரோஜா முத்தையாவின் பெயரை இங்கே நினைவூட்டுகிறோம். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று அகப்பட்டதையெல்லாம் சேர்த்தார். ஊரார் அதைப் பைத்தியக்காரப் பொழுதுபோக்கு என்றே நினைத்திருப்பார்கள். 1992-ல் அவர் காலமான பின்னர் அமெரிக்காவிலுள்ள சிகாகோ சர்வகலாசாலையார் அச்சேகரத்தை வாங்கி, சென்னையிலேயே 1994-ல் நூலகமாக நிலைநாட்ட உதவினர். இன்று தமிழ் அச்சின் சரித்திரம் எழுதுகிறவர் எவரும் அங்கே போகாமல் எழுத முடியாது. தனி மனிதரின் பித்து நாட்டின் சொத்தாயிற்று. ஆனால் அதைச் சொத்து என்று கண்டுகொள்ளக் கடல் கடந்து ஆள் வரவேண்டியிருந்தது. ஒலிநாடாக்கள் விஷயத்திலும் அப்படியேதான் காத்திருப்போமா?

காத்திருக்க அவசியமில்லை. இந்தியாவில் பொது நூலகச் சட்டங்களுக்கு முன்னோடியான சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948-ல் நம்முடைய மாகாணத்திலேதான் நிறைவேறியது. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் நம்மிடம் வசூலிக்கப்படுகிறது. தேனி ஜில்லாவிலும் அந்த வரியைக் கொண்டு நூலகங்கள் நடக்கின்றன. நூலகம் என்றால் அச்சிட்ட புத்தகம் மட்டுமே என்று எங்கே எழுதியிருக்கிறது? பதிப்புரிமைச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. வியாபார நோக்கமற்ற பொது நூலகம், தன்னிடம் ஏற்கெனவே உள்ள பிரதியைப் பாதுகாப்புக்காக மின்னணு முறையில் சேமித்துக்கொள்ளலாம் என்று 2012-ஆம் வருஷத்துத் திருத்தம் ஐம்பத்திரண்டாவது பிரிவில் இடம் கொடுத்திருக்கிறது. சினிமாப் பாட்டுகளைத் தொடவே வேண்டாம். அவற்றைக் காக்கக் கம்பெனிகள் இருக்கின்றன. உள்ளூர்ப் பதிவுகளை மட்டும், பாடியவரிடமோ பேசியவரிடமோ அவர் வாரிசுகளிடமோ சம்மதம் எழுதி வாங்கிக்கொண்டு சேர்த்தால் எந்த வக்கீலும் ஆட்சேபிக்க முடியாது. பாரதியார் பாடல்களின் உரிமை தனியார் கையில் இருக்கலாகாது என்று நாடு கிளர்ந்தபோது, 1949-ல் சர்க்காரே முன்வந்து அதை ஏற்றுக்கொண்டது. அவ்வளவு பெரிய காரியத்தை நாம் இப்போது கேட்கவில்லை. தேனியில் ஓர் அறை, இரண்டு அலமாரிகள், பழுதில்லாத இரண்டு டேப் கருவிகள், ஒரு கம்ப்யூட்டர், இவையே போதும்.

ஆள் எங்கே என்று கேட்பார்கள். முன்பு கடை வைத்திருந்தவர்களிற் பலர் இதே ஊர்களில் கைபேசி பழுதுபார்த்துக்கொண்டோ, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றுகொண்டோ இருக்கிறார்கள். டேப்பின் தலையைத் துடைத்துச் சரிபார்க்கவும், அறுந்த நாடாவை ஒட்டவும், எழுத்தழிந்த அட்டையைப் பார்க்காமலே குரலைக் கேட்டு இன்னார் என்று சொல்லவும் அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கும் வயது அறுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. ஜில்லா நூலக ஆணைக்குழுவார் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு ஒரு தொகை ஒதுக்க வேண்டும். கட்சி பேதமின்றி, ஒவ்வோர் ஊர்த் தொண்டரும் தமது பழைய கூட்டங்களின் நாடாக்கள் யார் வீட்டுப் பரணில் இருக்கின்றன என்று இந்த மாதத்துக்குள்ளேயே விசாரித்து ஒரு ஜாபிதா தயாரிக்கலாம். அதற்குச் சர்க்கார் உத்தரவு தேவையில்லை.