குதிகால் வலிக்கு ஊசி மட்டும் தீர்வாகுமா?

வண்டி மாட்டின் லாடம் தேய்ந்தால் உடனே ஆளை அழைத்து அடிக்கச் சொல்லும் விவசாயி, தன் குதிகால் வலித்தால் மாதக்கணக்கில் நொண்டிக்கொண்டே வயலுக்குப் போகிறார். வலி பொறுக்க முடியாமல் போனதும் மருத்துவரிடம் சென்று, ஒரே ஊசியில் குணமாக்கச் சொல்கிறார். முன்னது அலட்சியம், பின்னது அவசரம். இரண்டுமே உழைக்கும் காலுக்குக் கேடு.

குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் கெட்டியான நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. பாதத்தின் வளைவை வில்லின் நாண்போல் இழுத்துப் பிடித்திருப்பது இதுவே. தாங்கக்கூடிய அளவை மீறிப் பாரம் விழும்போது, இது குதிகாலில் ஒட்டியிருக்கும் இடம் நைந்து வலிக்கிறது. மருத்துவர்கள் இதை 'பிளாண்டார் ஃபேஸியைட்டிஸ்' என்பார்கள். கிராமத்தில் குதிகால் வாதம் என்பார்கள். காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் முள் குத்துவதுபோல் வலிக்கும். சற்று நடந்தால் குறையும். நெடுநேரம் நின்றாலும், உட்கார்ந்து எழுந்தாலும் மீண்டும் தலைகாட்டும்.

விவசாய வேலையில் இதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. 16 லிட்டர் கைத்தெளிப்பானை முதுகில் மாட்டினால் தண்ணீரின் எடை மட்டுமே 16 கிலோ. அந்தச் சுமையோடு, தேய்ந்த ரப்பர் செருப்பிலோ வெறுங்காலிலோ காய்ந்த வரப்பில் பல நடை நடக்க வேண்டும். களத்துக் கட்டாந்தரையில் நாள் முழுதும் நிற்க வேண்டும். கெண்டைச்சதை இறுகியவர்களுக்கும், உடல் எடை கூடியவர்களுக்கும் தொல்லை இன்னும் அதிகம்.

"ஓய்வெடுங்கள்" என்று சொல்வது சுலபம். நடவும் அறுவடையும் காத்திருக்குமா? சிறு விவசாயிக்குத் தேவை வேலையை விடச் சொல்லும் யோசனை அல்ல. சுமையைக் குறைக்கும் யோசனை. தெளிப்பானைப் பாதி மட்டும் நிரப்பி, வேலையை இரண்டு நாளாகப் பிரிக்கலாம். குதிகால் பக்கம் மெத்தென்ற, தடித்த அடிப்பாகமுள்ள செருப்பு வாங்கலாம். வீட்டுச் சிமெண்டுத் தரையிலும் வெறுங்காலோடு நடப்பதைத் தவிர்க்கலாம்.

முக்கியமான வைத்தியத்துக்குக் காசே வேண்டாம். காலையில் முதல் அடி வைக்குமுன், உட்கார்ந்தபடி வலிக்கும் காலை மறுதொடைமேல் போட்டு, விரல்களைக் கையால் முழங்கால் பக்கமாக வளைத்து இழுக்க வேண்டும். பத்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். இவ்வாறு பத்துமுறை, நாளுக்கு மூன்று வேளை செய்யலாம். இந்தப் பயிற்சி பலன் தருவதை 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டிக் குதிகாலைத் தரையில் அழுத்தினால் கெண்டைச்சதையும் தளரும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்; பொறுமை வேண்டும்.

ஸ்டீராய்டு ஊசி அறவே கூடாது என்பதல்ல. ஆனால் அதன் பலன் பெரும்பாலும் சில வாரங்களுக்கே. திரும்பத் திரும்பப் போட்டால் நார்ப்பட்டை அறுந்துபோகவும், குதிகாலின் கொழுப்பு மெத்தை கரையவும் கூடும். வலி மறைந்த தெம்பில் பழைய சுமையையே தூக்கினால் நோய் திரும்பும். எக்ஸ்ரேயில் 'எலும்பு வளர்ந்திருக்கிறது' என்றாலும் பயம் வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அந்த வளர்ச்சி உண்டு. அறுவை சிகிச்சை இல்லாமலே பெரும்பாலோர் ஓராண்டுக்குள் குணமடைகிறார்கள்.

சூடான செங்கல்மேல் எருக்கிலை வைத்து மிதிப்பது பழைய வழக்கம். சிலருக்கு இதமாக இருக்கலாம். ஆனால் சர்க்கரை நோயால் உணர்ச்சி மரத்த காலுக்கு இது ஆபத்து. சுட்டது தெரியாமல் புண்ணாகி, காலையே இழக்க நேரிடும். மரத்துப்போதல், வீக்கம், சிவப்பு, காய்ச்சல், படுத்திருந்தாலும் விடாத வலி, விழுந்தபின் கால் ஊன்ற முடியாமை ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

2021-இல் தமிழகத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது நல்ல தொடக்கம். அது வீட்டோடு நில்லாமல் களத்துமேட்டுக்கும் வர வேண்டும். பூச்சிமருந்து தெளிக்கக் கற்றுத்தரும் வேளாண் பயிற்சிகளில், அதைச் சுமக்கும் காலைப் பற்றியும் கால்மணி நேரம் பேசினால் என்ன? உரத்துக்கும் விதைக்கும் கணக்குப் பார்க்கும் விவசாயி, ஒரு நல்ல செருப்பை வீண்செலவு என்று ஒதுக்கலாகாது. கால் ஓய்ந்தால் கூலியாள் வைக்க வேண்டும். அந்தச் செலவை எந்தச் சிறு விவசாயியால் நாள்தோறும் தாங்க முடியும்?