தாயுமானவர் உணர்த்தும் கருணை

கருவுற்ற மகளுக்குக் கட்டுச்சோறு விருந்து நடத்தித் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது கொங்கு நாட்டு வழக்கம். பரமத்தி வேலூரைச் சூழ்ந்த காவிரிக்கரை ஊர்களில் அன்றே ஆயத்தங்கள் தொடங்கிவிடும். எந்த மருத்துவமனை, உடனிருப்பவர் யார் என்பவை முடிவாகும்; சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்று குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்வதும் உண்டு. ஆயினும், எண்ணியவாறே எல்லாம் நிகழும் என்று எவராலும் உறுதி கூற இயலாது.

இதே காவிரி கிழக்கே ஓடி அடையும் திருச்சிராப்பள்ளியின் தலபுராணம் இதனையே பேசுகிறது. வணிகர் குலத்து இரத்தினாவதிக்குப் பேறுகாலம் நெருங்கியது. துணையிருக்கப் பூம்புகாரிலிருந்து புறப்பட்ட தாயைக் காவிரி வெள்ளம் தடுத்துவிட்டது. வலியில் தவித்த அப்பெண் செவ்வந்திநாதரை அழைத்தாள். இறைவன் அத்தாயின் உருவிலேயே வந்து மகப்பேறு பார்த்தான். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்தபோது, முன்னவர் மறைந்தருளினார். அன்று முதல் அவர் தாயுமானவர். சுகப்பிரசவம் வேண்டி அவருக்கு வாழைத்தார் சாத்துவது இன்றும் தொடரும் நேர்த்திக்கடன்.

இப்புராணத்தில் இறைவன், ‘பொறுத்துக்கொள்’ என்று கூறி விலகி நிற்கவில்லை. அருகில் வந்து உதவினான். திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் பேறுகால வேதனை தணிய விளக்கெண்ணெய்ப் பிரசாதம் வழங்கப்படுவதும் இக்கருணை மரபே.

எனினும், வலி நீக்கும் மருந்து கேட்கும் பெண்ணிடம், ‘நாங்கள் பெறவில்லையா?’ என்று வினவும் மூத்தோர் பல இல்லங்களில் உள்ளனர். இத்தடை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1847இல் எடின்பரோவில் மருத்துவர் சிம்சன் பிரசவத்தில் குளோரோபாம் பயன்படுத்தியபோது, சமயத்தின் பெயரால் எதிர்ப்பு எழுந்தது. 1853இல் விக்டோரியா மகாராணியாரே தம் எட்டாவது பிரசவத்தில் அதனை ஏற்ற பின்னர் மக்களின் தயக்கம் குறைந்தது.

இக்காலத்து முறை எபிடியூரல். கீழ்முதுகில் மெல்லிய குழாய் வழியே மருந்து செலுத்துவர். தாய் விழிப்புடனேயே இருப்பாள். வலி வெகுவாகக் குறையும். இரத்த அழுத்தம் இறங்குதல், கால்கள் மரத்தல், குழந்தை வெளிவரச் சற்றுக் கூடுதல் நேரமாதல் ஆகியவை நேரலாம். மயக்க மருத்துவரின் கண்காணிப்பு இன்றியமையாதது. எல்லா மருத்துவமனைகளிலும் இவ்வசதி இராது. எல்லாத் தாய்மார்க்கும் இது பொருந்துவதும் இல்லை. நலமுள்ள தாய் வலி நிவாரணம் கேட்டால் எபிடியூரல் அளிக்கலாம் என்றும், அவள் விரும்பும் துணை உடனிருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்துள்ளது. முதுகை நீவிவிடுதல், வெந்நீர் ஒத்தடம், மெல்ல நடத்தல் ஆகியவையும் வேதனையைத் தணிப்பனவே.

ஆகவே, எட்டாம் மாதத்திலேயே மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று. வலி குறைக்க என்னென்ன வழிகள் உள்ளன? உடனிருக்க யாருக்கு அனுமதி? அறுவை தேவைப்பட்டால் எங்கே செல்வது? மருந்தே வேண்டாம் என்றிருந்தவள் வலி மிகுந்தபின் மனம் மாறினால், அதனை மறுக்கலாகாது. குழந்தையின் நாடித்துடிப்பு குறைந்து அறுவை சிகிச்சை நேர்ந்தாலும், நேர்த்திக்கடன் பொய்த்ததென்று எவரும் வருந்த வேண்டா. தாயும் சேயும் நலமாக இல்லம் திரும்புவதே அவ்வேண்டுதலின் பொருள். வாழைத்தாரை மகிழ்வுடன் செலுத்தலாம்.

வெள்ளத்தால் வர இயலாத தாய்க்கு ஈடாகத் தாமே வந்த பெருமான், பேறுகாலம் நோக்கியிருக்கும் மகளிர் யாவர்க்கும் துணை நிற்பாராக!