7 சதவீதம் யாருடையது?

எல்கடுவயில், உளவியல் படிக்கத் தொடங்கியிருக்கும் அக்காவின் மகளுக்குப் புள்ளிவிபரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். சராசரிக்கு உதாரணமாக, 2009இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடந்து 2011இல் வெளியான மனநல ஆய்வை எடுத்தேன். போருக்குப் பிந்திய மனவடு நோய் 7 சதவீதம்.

“அவ்வளவுதானா மாமா?”

மாவட்டம் முழுவதற்குமான கணக்கு அது. அப்போதும் இடம்பெயர்ந்திருந்தவர்களை மட்டும் பிரித்தெடுத்தால் 13. மனச்சோர்வோ 22இலிருந்து 42க்குப் போகிறது.

மாதிரியெடுப்பு இதைவிடக் கசப்பான பாடம். 1977 வன்செயலுக்கு அஞ்சி மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன எங்கள் சனமும் இறுதிப்போரில் அகப்பட்டது. போர் முடிந்தபோது வன்னி மக்களில் பெரும்பாலோர் வவுனியா மெனிக்பாமில் அடைபட்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்து மாதிரிக்குள் மெனிக்பாம் இல்லை. ஆய்வின் குற்றமல்ல, அதை வடக்கு முழுவதற்கும் பொருத்துகிறவர்களின் குற்றம்.

அவள் கொப்பியில் 7க்குப் பக்கத்தில் ‘யாழ்ப்பாணம் மட்டும்’ என்று எழுதிக்கொண்டாள்.